நடந்தால் ஆறு மாதம்

கலிபோர்னியாவில், சிலிக்கன் பள்ளத்தாக்கின் நடுநெற்றியில், பாலோ ஆல்டோ என்றொரு ஊர். அந்த ஊருக்குச் சொந்தமாக மலையடிவாரத்தில் 1,400 ஏக்கரில் ஒரு பூங்கா உண்டு. ஃபுட்ஹில்ஸ் பார்க் என்று பெயர். உள்ளே ஓர் ஏரி, புல்வெளி, ஓக் மரக்காடு, பதினைந்து மைலுக்கு நடைபாதை. மேட்டில் ஏறி நின்றால் வளைகுடா முழுக்கக் கண்ணில் விரியும். இந்த மலையில் காலாற நடந்த குற்றத்துக்காக ஒருவரை ஆறு மாதம் ஜெயிலில் வைக்கலாம், ஆயிரம் டாலர் வரை அபராதமும் போடலாம் என்று அந்த ஊரில் சட்டம் இருந்தது. மரத்தை வெட்டியிருக்க வேண்டாம், மானைச் சுட்டிருக்க வேண்டாம், சிகரெட் துண்டைப் புல்லில் எறிந்திருக்கவும் வேண்டாம். பக்கத்து ஊரில் குடியிருந்தால் போதும்.

ஏதோ குதிரை வண்டிக் காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2020 டிசம்பர் வரை இந்தத் தடை உயிரோடு இருந்தது. டெஸ்லா கம்பெனியின் தலைமையகம் அப்போது அந்த ஊரில்தான். ஹெச்பி பிறந்ததும் அங்கேதான். உலகத்தை ஒன்றாக இணைக்கப் போகிறோம் என்று காலையில் மேடையில் பேசிவிட்டு, சாயங்காலம் அண்டை ஊர்க்காரர் கால் படாத புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த ஊர்.

சட்டம் போட்டவர்களைக்கூட விட்டுவிடலாம். அவர்கள் 1969-ன் ஆட்கள்; பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். என் ஆத்திரமெல்லாம் அதற்குப் பின்னால் வந்து ஐம்பது வருடம் அந்தச் சட்டத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தவர்கள் மேல்தான். பாதையைப் பராமரிக்கிறோம் என்றார்கள். பராமரித்தது பூட்டை.

கதை 1950-களின் கடைசியில் ஆரம்பிக்கிறது. ரஸ்ஸல் லீ என்று ஒரு டாக்டர். பாலோ ஆல்டோவில் புகழ்பெற்ற மருத்துவமனையை நிறுவியவர். தன்னிடம் இருந்த மலை நிலத்தை ஏக்கர் ஆயிரம் டாலர் கணக்கில் ஊருக்கே தருகிறேன், கட்டடம் எழுப்பாமல் திறந்தவெளியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மொத்தம் சுமார் 13 லட்சம் டாலர். செலவில் பங்கு போடுகிறீர்களா என்று சுற்றியிருந்த பணக்கார ஊர்க்காரர்களைக் கேட்டார்கள். அவர்கள் கையை விரித்தார்கள். 1959-ல் பாலோ ஆல்டோ தனியாகவே வாங்கியது. 1965-ல் பூங்கா திறந்தது. 1969-ல், வெளியூர்க்காரர் நுழைந்தால் குற்றம் என்ற சட்டம் வந்தது. பங்கு போடாதவனுக்குப் பந்தியில் இடமில்லை என்ற அன்றைய வீம்பு, அப்படியே ஊர்க் கொள்கையாகி உட்கார்ந்துகொண்டது.

"நாங்கள்தானே பணம் கட்டினோம்?" கடைசி வரை இதுதான் அவர்கள் வாதம். நியாயம்போலத்தான் தோன்றும், கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கும் வரை. 2015-ல் டெக்சாஸிலிருந்து வந்து வீடு வாங்கியவரும் "நாங்கள்" என்பார். 1959-ல் அவருடைய அப்பாவே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். அதே நேரம், 1959-ல் நிஜமாகவே வரி கட்டி, ரிட்டையர் ஆன பிறகு மகளோடு சன்னிவேலில் போய்த் தங்கிவிட்ட கிழவர் வெளியாள். அவர் பணத்தில் வாங்கிய மலையில் அவர் நடந்தால் குற்றம். ஊரில் இப்போது சாதாரண வீட்டின் விலையே முப்பது லட்சம் டாலரைச் சுற்றி நிற்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர், அந்த ஊர் நோயாளிக்கு ஊசி போடும் நர்ஸ், ராத்திரியில் ஆபீஸ் கூட்டும் அம்மா யாரும் அங்கே குடியிருக்க முடியாது. பகலில் ஊருக்கு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வேண்டாம்.

இந்த ஊர்க்காரர்கள் மட்டும் தங்கள் எல்லைக்குள்ளேயே நடந்தார்களா? சான் ஃபிரான்சிஸ்கோ போய் கோல்டன் கேட் பார்க்கில் நடந்தார்கள். சுற்றியுள்ள மலைகளில் எல்லாருக்கும் திறந்திருக்கும் வனப் பாதைகளில் நடந்தார்கள். அங்கே எவரும் அவர்களுடைய டிரைவிங் லைசென்ஸை வாங்கி முகவரியைப் படித்துப் பார்க்கவில்லை.

ஃபுட்ஹில்ஸ் பார்க் வாசலில் பார்த்தார்கள். சாவடி, பலகை, சனி ஞாயிறுகளில் ஒரு ரேஞ்சர். கார் கண்ணாடியை இறக்கி லைசென்ஸை நீட்ட வேண்டும். முகவரியில் பாலோ ஆல்டோ என்று இருந்தால் உள்ளே. இல்லையென்றால் பின் சீட்டில் ஷூ மாட்டித் தயாராக இருக்கும் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டியைத் திருப்ப வேண்டும். ரேஞ்சர் மரியாதையாகத்தான் பேசுவார். அவர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், இந்த விதியை எழுதியவர் அல்ல. ஜெயிலுக்கு யாரையும் அனுப்ப வேண்டிய தேவையே வராது. பலகையைப் படித்துவிட்டு அப்பா பேசாமல் காரைத் திருப்புவதைக் குழந்தை பார்த்தாலே தண்டனை நிறைவேறிவிடும்.

ஒரு வழி இருந்தது. உள்ளூர்க்காரர் ஒருவரின் விருந்தாளியாக வரலாம். அவர் கூடவே இருந்தால் உங்கள் கால் பட்டு மலை கெடாது. இன்னொரு வழி அதைவிட வேடிக்கை. பக்கத்திலேயே ஆராஸ்ட்ரடேரோ என்று எல்லாருக்கும் திறந்த ஒரு காப்புவெளி. அங்கிருந்து மேட்டுப் பாதை ஒன்றில் ஏறி வந்தால் பூங்காவுக்குள் நடந்தே வந்துவிடலாம். அப்படி வருகிறவர்களைத் தடுக்கவில்லை. அதாவது முன்வாசலில் காரில் வந்து நின்றால் குற்றவாளி. பின்பக்கமாக மூச்சு வாங்க ஏறி வந்தால் இயற்கை ஆர்வலர். வயசானவர், கைக்குழந்தைக்காரி, முட்டிவலிக்காரர் பாடுதான் திண்டாட்டம்.

நாய்க்கு எப்படி என்று கேட்பீர்கள். உள்ளூர்க்காரர் தன் நாயை வார நாளில் அழைத்து வரலாம். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் கூடாது. அண்டை ஊர் மனிதருக்கு வார நாளும் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துக் கிளப் வாசல்களில் நாயையும் நம்மையும் ஒரே வரியில் போட்டுத் தடுத்தார்கள் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாலோ ஆல்டோவில் அந்த வரியில்கூட இடம் தரவில்லை. நாய் ஒரு படி மேலே நின்றது.

இப்போது அண்டை ஊர் எது என்று சொல்லிவிடுகிறேன். 101 நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கிழக்கு பாலோ ஆல்டோ. பெயரில்தான் ஒட்டு. 1950-களில் வீட்டுத் தரகர்கள் "கறுப்பர்கள் வருகிறார்கள், உங்கள் வீட்டு விலை விழும்" என்று வெள்ளைக்காரர்களைப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு விற்க வைத்து, அதே வீடுகளைக் கறுப்பர்களுக்கு ஏற்றி விற்ற இடம். நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கமோ, வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று பல மனைப் பத்திரங்களிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 1983 வரை கிழக்கு பாலோ ஆல்டோ தனி நகராட்சியே கிடையாது. 1959-ல் "பங்கு போடுகிறீர்களா?" என்று அங்கே போய்க் கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஒரு நகர மன்றம் அங்கே இருந்திருக்காது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாத குற்றத்துக்குத்தான் அந்த மக்களுக்கு ஐம்பது வருடத் தண்டனை.

94303 என்ற தபால் எண் இரண்டு ஊருக்கும் பொது. ஒரே எண்ணுக்குக் கடிதம் எழுதலாம். தபால்காரர் சரியாகக் கொண்டு சேர்ப்பார். ஆனால் சாலைக்கு மேற்கே இருந்தால் மலை, கிழக்கே இருந்தால் ஆறு மாதம்.

சட்டத்தில் எங்கேயும் நிறம் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்பார்கள். இருக்க வேண்டிய அவசியம் என்ன? யார் எங்கே வீடு வாங்கலாம் என்பதைப் பத்திரமும் வங்கியும் தரகரும் ஏற்கெனவே தீர்த்துவைத்தாயிற்று. அதன் மேல் "குடியிருப்போர் மட்டும்" என்று ஒரு பலகையை நட்டால் கை சுத்தமாக இருக்கும், வேலையும் முடிந்துவிடும். பாலோ ஆல்டோவில் கறுப்பர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான்.

இதில் நம்மவர் பங்கையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்குப் போய், பங்கு விற்று, பாலோ ஆல்டோவில் வீடு வாங்கிய தமிழர்கள் உண்டு. கோடையில் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை ஃபுட்ஹில்ஸ் பார்க்குக்கு அழைத்துப் போய், "இது நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும்தான்மா" என்று பெருமையாகச் சொன்னவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். வேலிக்கு உள்பக்கம் இடம் கிடைத்தவுடன் வேலி நல்லதாகத் தெரிய ஆரம்பிக்கும் வியாதி நமக்குப் புதிதா? 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் இரண்டு முறை ஜெயிலுக்குப் போனார். கோயிலுக்குள் நுழைவது அப்போது பேச்சே இல்லை. தெருவில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். 1925-ல் சமரசம் ஆனபோதும் மூன்று பக்கத்துத் தெருக்களை எல்லாருக்கும் திறந்துவிட்டு, கிழக்குத் தெருவை மட்டும் மேல்சாதியார் தங்களுக்கென்று மடியில் முடிந்துகொண்டார்கள். இந்தக் கடைசி விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் திரும்ப வரப்போகிறது.

தடையை நீக்கச் சொல்லி அவ்வப்போது யாராவது கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்டபோதெல்லாம் பதிலாக ஒரு நடைபாதையைத் தூக்கிக் குறுக்கே போட்டார்கள். கூட்டம் வந்தால் பாதை அரித்துவிடும். ஓக் மர வேர் நசுங்கும். காட்டுத்தீ பிடிக்கும். பார்க்கிங் போதாது. ரேஞ்சர் போதாது. யாரும் "அவர்கள் வேண்டாம்" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் அளவுக்கு அது நாகரிகம் குறைந்த ஊரும் இல்லை. மலைக்காக வருந்தினார்கள். மலைதான் வேண்டாம் என்கிறது, நாங்கள் அதன் வாய்.

நடைபாதை எப்படிக் கெடுகிறது என்று அதில் மண்வெட்டி பிடித்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பாதையைக் கொல்வது முதலில் தண்ணீர். மழைநீர் குறுக்கே கடந்து சரிவில் இறங்கிவிட வேண்டும். அதற்காகப் பாதையை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து வெட்டுவார்கள், இடையிடையே குறுக்கு வடிகால் வைப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது அந்த வடிகாலில் அடைத்த சருகையும் மண்ணையும் வாரி எறிய வேண்டும். எறியாவிட்டால் தண்ணீர் பாதையின் மேலேயே வாய்க்கால் பிடித்து ஓடும். களிமண் சேறாகும். நடக்கிறவர் சேற்றைச் சுற்றி ஓரமாக மிதிப்பார், அடுத்தவர் அதற்கும் ஓரமாக. மூன்றடிப் பாதை எட்டடி ஆகும். ஓரத்துப் புதரை வெட்டாவிட்டால் பாய்சன் ஓக் நீட்டிக்கொண்டு வந்து முழங்கையில் உரசும். அப்புறம் ஒரு வாரம் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். இதற்கெல்லாம் மருந்து ஆள், மண்வெட்டி, கத்தரி, கொஞ்சம் பணம். மழை பெய்த மறுநாள் பாதையை மூடி வைப்பது அதைவிடச் சுலபம். சேற்றில் பதிந்த ஷூ தடத்தில் முகவரி எழுதியிருப்பதில்லை. உள்ளூர்க் காலும் வெளியூர்க் காலும் ஒரே ஆழத்துக்குத்தான் இறங்கும்.

கூட்டம் என்ற பூச்சாண்டியின் யோக்கியதையையும் பார்த்துவிடுவோம். 1970-களின் தொடக்கத்தில் அந்தப் பூங்காவுக்கு வந்த கூட்டத்தில் பாதிகூடப் பிற்காலத்தில் வரவில்லை. ஊர்க்காரர்களே போவதை விட்டுவிட்டார்கள். அப்போது அத்தனை பேரைத் தாங்கிய மலை, இப்போது இன்னும் கொஞ்சம் பேர் வந்தால் சரிந்துவிடுமாம். போகாத மலைக்குக் காவல்.

இனி ஆணையத்துக்கு வருவோம். அமெரிக்க ஊர்களில் பூங்கா, பொழுதுபோக்கு ஆணையம் என்று ஒன்று இருக்கும். பாலோ ஆல்டோவில் ஏழு பேர். நகர மன்றம் நியமிக்கும். மாதம் ஒரு கூட்டம். ஆலோசனை சொல்வது மட்டும்தான் வேலை. அந்த ஆலோசனையை ஏற்பதும் கிடப்பில் போடுவதும் மன்றத்தின் இஷ்டம். உறுப்பினர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். பகல் வேலையை முடித்துவிட்டு, வீட்டுச் சாப்பாட்டைத் தவறவிட்டு வந்து, நூறு பக்க அறிக்கையைப் படித்திருப்பார்கள். அதுதான் கொடுமையே. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுவிட்டாவது போகலாம்.

கலிபோர்னியாவில் பிரவுன் சட்டம் என்று 1953-லிருந்து ஒன்று உண்டு. பொது அமைப்புகள் மூடிய கதவுக்குப் பின்னால் முடிவெடுக்கக் கூடாது. கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும். யாரும் வந்து பேசலாம். அருமையான சட்டம். ஆனால் எந்த நல்ல சட்டத்தையும் நன்றாகத் தூங்குவதற்கு ஒரு தலையணையாக மாற்றத் தெரிந்தவர்கள் உண்டு. நிரலில் இல்லாத விஷயத்தை விவாதிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே நீங்கள் எழுந்து, "ஐயா, பக்கத்து ஊர்க்காரனை ஏன் உள்ளே விட மாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேட்டால் ஏழு தலைகளும் அனுதாபத்தோடு ஆடும். பதில் வராது. விவாதத்தில் இறங்கினால் சட்ட மீறல். மூன்று நிமிடம் முடிந்ததும் மணி அடிக்கும். நன்றி. அடுத்தவர்.

சரி, நிரலில் சேர்த்துவிட்டால்? முதல் கூட்டத்தில் ஆய்வு அமர்வு. அதில் முடிவெடுக்க மாட்டார்கள், கருத்துப் பரிமாற்றம் மட்டும். அப்புறம் தற்காலிகக் குழு, அவர்கள் மொழியில் அட் ஹாக். இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். பாதிக்கும் குறைவான ஆட்கள், தற்காலிக வேலை என்பதால் பிரவுன் சட்டத்தின் கதவு அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் தனியாகப் பேசிவிட்டு வந்து, இன்னும் தரவுகள் தேவை என்பார்கள். தரவு கேட்டு ஊழியர்களுக்கு எழுதுவார்கள். ஊழியர்கள் பட்ஜெட் முடியட்டும் என்பார்கள். பட்ஜெட் முடிந்தால் கோடை. கோடை முடிந்தால் தேர்தல். தேர்தல் முடிந்தால் பாதி உறுப்பினர் புதுசு. அவர்களுக்கு முதலிலிருந்து விளக்க வேண்டும். ஊர்க்காரர்களே இதற்கு "பாலோ ஆல்டோ பிராசஸ்" என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பவருக்கு அது நகைச்சுவை. வாசலில் நிற்பவருக்கு அரை நூற்றாண்டு.

லாடோரிஸ் கார்டெல் என்ற கறுப்பினப் பெண்மணி, ஓய்வுபெற்ற நீதிபதி, 2000-களில் நகர மன்ற உறுப்பினராக இருந்தார். மன்றத்துக்கு உள்ளேயே இருந்து தடையை எடுக்கச் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. அந்த ஊரில் நீதிபதிக்கே நீதி ஆய்வு அமர்வில்தான்.

2019 நவம்பரில் ஓர் அதிசயம் நடந்தது. அந்த ஆணையமே பெரும்பான்மையோடு சொன்னது: ஒரு வருடத்துக்குச் சோதனையாகத் திறந்து பார்க்கலாம். கேளுங்கள், எவ்வளவு திறப்பது? ஒரு நாளைக்கு 50 அனுமதிச் சீட்டு. 1,400 ஏக்கருக்கு ஐம்பது வண்டி. வண்டிக்கு 28 ஏக்கர். வைக்கத்துக் கிழக்குத் தெருக்காரர்கள் இருந்திருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்கள். அவர்களாவது முக்கால் பங்கைத் திறந்துவிட்டார்கள்.

அந்த ஐம்பதும் ஒரு புரட்சியாகத்தான் ஊரில் பேசப்பட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே தலைகீழ். பூசாரி வரம் கொடுத்துவிட்டார், சாமி வாய் திறக்கவில்லை. நகர மன்றம் அந்தப் பரிந்துரையை எடுத்துப் பேசுவதற்கே அடுத்த வருடத்துப் பாதி ஓடிவிட்டது. ஆணையத்தில் இருந்த ஒருவர் 2020 ஜூனில் வெறுத்துப்போய்ப் பதவியை உதறிவிட்டுப் போனார். அரை நூற்றாண்டுப் பூங்கா நிர்வாகத்தில் பாதைக்கு உருப்படியாகச் செய்த பராமரிப்பு அந்த ராஜினாமாதான் என்பேன்.

அதே ஜூன். ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை வைத்துக் கொன்ற பிறகு நாடே தெருவில் நின்ற மாதம். பாலோ ஆல்டோவுக்கும் மனசாட்சி பொங்கியது. ஜூன் 30 அன்று நகர மன்றக் கட்டடத்தின் எதிரே, ஹாமில்டன் அவென்யூ தார் ரோட்டின் மேல், "பிளாக் லைவ்ஸ் மேட்டர்" என்று பதினாறு ஆங்கில எழுத்துகளை ஓவியர்களுக்குப் பிரித்துக் கொடுத்து வரைய வைத்தார்கள். கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். ஊரே வந்து போட்டோ எடுத்துக்கொண்டது. கிழக்கு பாலோ ஆல்டோவிலிருந்தும் தாராளமாக வந்து பார்க்கலாம். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. பார்த்துவிட்டு அப்படியே மலைப்பக்கம் ஒரு நடை போய் வரலாம் என்று கிளம்பினால்தான் குற்றவாளி. உங்கள் உயிர் முக்கியம், அதைத் தார் ரோட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் மாதம் மன்றம் பெருமனதோடு அந்த ஐம்பது சீட்டுச் சோதனைக்குச் சம்மதித்தது. உடனே அல்ல, பிறகு. ஊருக்கு ஒரு காசு நஷ்டம் வராமல். 2020 செப்டம்பரில் கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் சான் ஹோசே கிளையும் சிலரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அமெரிக்கச் சிவில் உரிமைகள் சங்கத்தின் வழக்கறிஞர்கள் வாதாட வந்தார்கள். வாதிகளில் ஒருவர் அதே லாடோரிஸ் கார்டெல். மன்றத்துக்கு உள்ளே இருந்து கேட்டபோது காது கேட்காத நகரத்துக்கு, வெளியே போய் வழக்கின் வழியாகக் கேட்டதும் காது திறந்துகொண்டது. இரண்டு மாதம் ஆகவில்லை, நவம்பரில் சமரசம். டிசம்பர் 17 அன்று எல்லாருக்கும் வாசல் திறந்தது.

ஐம்பது வருடமாகக் கேட்ட அத்தனை தரவும் அந்த ஏழெட்டு வாரத்தில் எங்கிருந்து வந்தது? ஓக் மர வேர் பற்றிய கவலை என்ன ஆயிற்று? பார்க்கிங் திடீரென்று பெருகியதா? எதுவும் நடக்கவில்லை. நீதிபதியின் முன்னால் நின்று, "பாதை கெட்டுவிடும் என்பதால்தான் அண்டை வீட்டுக்காரனுக்கு ஆறு மாதம் ஜெயில் என்று எழுதி வைத்தோம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டி வரும் என்பது உறைத்தது, அவ்வளவுதான். ஆணையக் கூட்டத்தில் சொன்னால் அக்கறை. கோர்ட்டில் சொன்னால் அசிங்கம்.

திறந்த பிறகு கூட்டம் வந்தது. வராமல் என்ன? கொரோனா காலம், சினிமா இல்லை, ஓட்டல் இல்லை, கல்யாணம் இல்லை. ஐம்பது வருடம் பூட்டிய இடம் என்றாலே மனிதனுக்கு உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். வார இறுதியில் வாசலில் கார்கள் வரிசை கட்டின. பாதையோரம் மிதிபட்டது, மழைக்காலச் சேறு வேறு. உடனே ஊரில் ஒரு திருப்தி: பார்த்தீர்களா, அப்போதே சொன்னோமே! ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வரை என்று ஏட்டில் இருந்த உச்ச வரம்பைத் திறக்கும்போதே 750 ஆக்கியிருந்தார்கள். சில வாரத்தில் அதையும் குறைத்தார்கள். பிப்ரவரி முடிவதற்குள் காருக்கு 6 டாலர் நுழைவுக் கட்டணம் வந்துவிட்டது. பெயர்ப் பலகையும் மாறியது. பார்க் போய் "நேச்சர் பிரிசர்வ்" ஆனது. வேகத்தைக் கவனியுங்கள். பரிந்துரையை மேசையிலிருந்து எடுக்கப் பாதி வருடம் பிடித்த அதே மன்றம்.

பாலோ ஆல்டோ இதைக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட முடியாது. கனெக்டிகட் மாநிலத்தில் கிரெனிச் என்ற கோடீஸ்வர ஊர், தன் கடற்கரையை உள்ளூர்க்காரருக்கு மட்டும் என்று வைத்திருந்தது. 1994-ல் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் அங்கே ஓட்டப் பயிற்சிக்குப் போய், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். படிப்பது சட்டம் ஆயிற்றே, சும்மா இருப்பாரா? அடுத்த வருடம் வழக்குப் போட்டார். 2001-ல் மாநில உச்ச நீதிமன்றம் கடற்கரை எல்லாருக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புக்கு ஊர் தலைவணங்கியது. தலைவணங்கிய கையோடு வெளியூர்க்காரருக்கு ஒரு கனத்த கட்டணத்தையும் போட்டது. கோர்ட் சங்கிலியை அறுக்கலாம். சங்கிலி கிடந்த இடத்தில் உண்டியல் வைப்பதை எந்த நீதிபதி வந்து தடுப்பது?

ஆக, ஃபுட்ஹில்ஸ் மலை அப்படியேதான் நிற்கிறது, சரிந்துவிடவில்லை. ஆணையத்துக்கும் மறுபடி வேலை வந்துவிட்டது. எத்தனை காரை உள்ளே விடுவது, கட்டணம் எவ்வளவு, யாருக்குச் சலுகை, எந்தப் பாதையை எப்போது மூடுவது. பேசித் தீர்க்க எத்தனை மாதமும் ஆகலாம். இந்தத் தடவை அண்டை ஊர்க்காரரும் மலையேறிவிட்டு வந்து கருத்துச் சொல்லலாம். மூன்று நிமிடம்.